ஒரு குறையும் இல்ல சார்

அத்தியாயம் பதினேழு

அன்று காலையில் கிருபா ஒரு உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை. வேலூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். ‘நெல்வின் விஷயமாகத் தூதரகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது, வந்து கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று அங்கிருந்து போன் வந்திருந்தது. அதே திங்கட்கிழமை கம்பெனியில் ஆடிட். நம் ஊர் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆளை அனுப்பி, தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகிற நாள். அன்றைக்கு லீவு போட்டவள் அப்புறம் வேலைக்கே வர வேண்டியதில்லை.

கிருபாவின் புருஷன் நெல்வின் வளைகுடாவில் ஜெயிலில் கிடக்கிறான் என்பது இப்போது பேரணாம்பட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. சோபா தைக்கிற பட்டறைக்குத் தோல் வெட்டப் போனவன். ஏஜென்ட் அவனைச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு, ‘போனதும் மாத்திக் குடுப்பாங்க’ என்றான். யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் பட்டறையில் பசை டின் பற்றிக்கொண்டது. காவல்காரக் கிழவர் ஒருவர் உள்ளேயே கருகிப்போனார். ஒயர் பழுதாக இருக்கிறது என்று நெல்வின் பலமுறை சொன்னவன்தான். ஆனால் முதலாளி, நெல்வின்தான் மெஷினை அணைக்காமல் போய்விட்டான் என்று போலீசில் சொல்லிவிட்டார். மொழி தெரியாத ஊரில், வக்கீல் இல்லாமல், வருகிற வியாழக்கிழமை அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

இவ்வளவையும் இங்கே சொன்னவர் தன்சீல் அகமது. இதே ஊர்க்காரர், அங்கே வேன் ஓட்டுகிறார். ‘எம்பசிக்காரங்க வந்தா கதை மாறும் தங்கச்சி. அவங்க வக்கீல் வெப்பாங்க, நம்ம பாஷை பேசற ஆளைக் கூட்டியாருவாங்க. அவங்களை எப்படியாச்சும் வரவையுங்க’ என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீடு இத்தனை நாள் நின்றது.

“நீ வராம நான் மட்டும் போயி இன்னாத்த பேசறது?” என்றார் ஏசுராஜ். நெல்வினின் அப்பா. தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். ஆபீஸ் என்றாலே அவருக்குக் கால் பின்னால் போகும்.

“பேசவே வேணாம் மாமா. சுந்தரமூர்த்தி சார்னு கேளுங்க. நம்ம மனுவைப் பார்க்கறவரு. அவரே சொல்வாரு. எனக்குப் போன் போட்டுக் குடுத்துடுங்க.”

“உள்ள விடுவாங்களா?”

“தண்ணி பாட்டிலை மட்டும் மோந்து பார்ப்பாங்க, மண்ணெண்ணெய் இருக்குதான்னு. பயந்துக்காதீங்க.”

“மண்ணெண்ணெய் வாங்கறதுக்கு எங்க போறது நான்,” என்று முனகிக்கொண்டே குடியாத்தம் பஸ்ஸில் ஏறினார். வெள்ளைச் சட்டை. கோயிலுக்குப் போடுகிற சட்டை.

கிருபா ஆம்பூர் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

* * *

கம்பெனி அடையாளமே தெரியவில்லை. எப்போதும் பூட்டிக் கிடக்கிற அவசர வழிக் கதவு திறந்திருந்தது. குடிதண்ணீர் கேன் எல்லாம் புதுசு. தையல் மெஷினுக்கு மெஷின் ஒரு ஜோடி கையுறை, ஒரு முகமூடி. சாயங்காலம் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“இன்னாடி, நம்ம கம்பெனிக்குத்தான் வந்தமா, இல்ல பஸ்ஸு மாறி வந்துட்டமா?” என்றாள் பக்கத்து மெஷின் கௌசர். “கக்கூஸ்ல சோப்பு வெச்சிருக்கறாங்கடி. ரோஸ் கலரு. நான் ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டேன்.”

கிருபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கௌசர் அவள் கையை ஒரு தரம் அமுக்கிவிட்டு நூலைக் கோத்தாள்.

சூப்பர்வைசர் கோபி எல்லாரையும் நிற்கவைத்து ஒத்திகை பார்த்தார். தேவாலயத்தில் கேள்வி பதில் மனப்பாடம் பண்ணவைக்கிற மாதிரி ஒரு ராகத்திலேயே போகும் அது.

“ஓவர்டைம்?”

“இஷ்டப்பட்டா செய்வோம் சார்.”

“திட்டறாங்களா?”

“இல்ல சார்.”

“குறை இன்னா இருக்குது?”

“ஒரு குறையும் இல்ல சார்.”

“வெளியாளு யாரையாச்சும் பார்த்துப் பேசணுமா? உதவி வேணுமா?”

“வேணாம் சார். எங்க கம்பெனியே எங்களைப் பார்த்துக்குது.”

இந்தக் கடைசி பதிலை நெல்வின் சொல்லிக் கேட்க வேண்டும். வெளிநாடு போவதற்கு முன்னால் அவனும் இங்கேதான் கட்டிங் செக்‌ஷனில் இருந்தான். ஆடிட் வந்தால் கோபி முதலில் தேடுவது அவனைத்தான். கொஞ்சம் வெட்கப்பட்டு, தலையைச் சாய்த்து, அவனே இப்போதுதான் யோசித்துச் சொல்கிற மாதிரி சொல்வான். வந்தவர்கள் மனசு குளிர்ந்து போவார்கள். ‘ஆடிட் மாப்ள’ என்றே அவனுக்குப் பேர். ஆடிட்டில் பேசியவர்களுக்கு மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் உண்டு. நெல்வின் அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவான்.

கிருபா கோபியிடம் போய் நின்றாள். “சார், மத்தியானத்துக்கு மேல பர்மிஷன் வேணும். வேலூருக்குப் போவணும்.”

கோபி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. நெற்றியைத் தேய்த்தார். “பேசறதுக்கு ஆளு கம்மியா இருக்குதும்மா இன்னிக்கு. நீ ஒருதரம் உள்ள போயி உக்காந்து நல்லா சொல்லிட்டு வா. அப்புறம் நான் கேட்டைத் திறந்து உடறேன். போனை வெச்சுக்கோ. சத்தம் வராம பார்த்துக்கோ.”

* * *

மாமாவின் போன் வந்ததும் அவள் சரக்கு அறைக்குள் ஒதுங்கி நின்றாள். சுற்றிலும் தோல் கட்டுகள்.

“கிருபா…” என்றார் ஏசுராஜ்.

“சொல்லுங்க மாமா. எம்பசிக்காரங்க போனாங்களா? பார்த்தாங்களா?”

“வேணாம்னு எழுதிக் குடுத்துட்டானாம்மா.”

“யாரு?”

“உன் புருஷன்தான். அந்தூரு ஆளுங்களே கேட்டிருக்கறாங்க, உங்க நாட்டு எம்பசிக்குச் சொல்லட்டுமான்னு. இவன் வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டானாம். அதனால எம்பசிக்காரங்களை உள்ள விட மாட்டேங்கறாங்களாம். சாரு சொல்றாரு. ஏம்மா அப்படி பண்ணான்? புத்தி கெட்டுப் போச்சா அவனுக்கு?”

கிருபா பக்கத்தில் இருந்த தோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது கடைசியாக அவர்கள் போனில் போட்ட சண்டை. தீ விபத்துக்கு முந்தின வாரம். விசா மாற்றித் தரவில்லை, திரும்பி வந்துவிடட்டுமா என்று அவன் கேட்டான். வந்து என்ன செய்வாய், ஊரே சிரிக்கும், அங்கேயே கிட என்று இவள் சொன்னாள். கோபத்தில் சொன்னதுதான். அதைத்தான் அவன் பிடித்துக்கொண்டானா? யாரும் வேண்டாம், எதுவும் வேண்டாம் என்று ஜெயிலிலேயே கிடந்துவிட நினைத்துவிட்டானா?

“நான் வர்றேன் மாமா. அங்கயே இருங்க. எங்கயும் போய்டாதீங்க.”

“எங்க போவேன்,” என்றார் அவர்.

கதவருகில் கோபி விரலை ஆட்டினார். அவளுடைய முறை வந்துவிட்டது.

* * *

ஏசி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்கிற ஒரு இளம்பெண், கையில் ஃபைல். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோபி, யாரையோ பார்க்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்றார். அவர் அங்கே நிற்பது உள்ளே உட்கார்ந்தவளுக்குத் தெரிந்தால் போதும்.

“பயப்படாதீங்க. நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது,” என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் நிஜமான அக்கறை இருந்தது. “இங்க உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?”

“ஒரு குறையும் இல்ல மேடம்.”

“யாரையாவது பார்த்துப் பேசணுமா? வெளிய இருந்து ஏதாவது உதவி வேணுமா?”

கிருபாவின் மனசு வேலூரில் இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. தலை தானாகச் சாய்ந்தது. உதட்டில் அந்தச் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது.

“வேணாம் மேடம். எங்க கம்பெனியே எங்களைப் பார்த்துக்குது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது.

நல்ல சட்டை போட்ட ஆட்கள். கையில் ஃபைல். பக்கத்தில் மொழி மாற்றிச் சொல்கிற ஒருத்தர். பயப்படாதே என்கிறார்கள். உதவி வேண்டுமா என்கிறார்கள். பின்னால் கதவோரத்தில் முதலாளி வீட்டு ஆள் ஒருத்தன் நிற்கிறான்.

நெல்வின் வேறு என்ன சொல்லியிருப்பான்?

அவனுக்குக் கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவன் நன்றாகப் பேசியிருக்கிறான். கொஞ்சம் வெட்கப்பட்டு, தலையைச் சாய்த்து, மனசு குளிர்கிற மாதிரி பேசியிருக்கிறான். பேசி முடித்துவிட்டு முதலாளி தோளில் தட்டுவார் என்று காத்திருந்திருப்பான்.

“என்னாச்சு? அழறீங்களா?” அந்தப் பெண் எழுந்தேவிட்டாள். “ஏதாவது சொல்லணுமா? சொல்லுங்க.”

கண்ணாடிக்கு வெளியே கோபியின் முதுகு விறைத்தது.

“ஒண்ணும் இல்ல மேடம்,” என்றாள் கிருபா. “தோல் தூசி.”

வெளியே வந்ததும் கோபி பெருமூச்சு விட்டார். பிரியாணிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து, “பயமுறுத்திட்டியே கடைசியில. ஆனா சூப்பர். நெல்வின் பேரைக் காப்பாத்திட்டே. போ, சீக்கிரம் பஸ்ஸைப் புடி,” என்றார்.

* * *

ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறினதும் தன்சீல் அகமதுவுக்குப் போன் போட்டாள். பாலாற்று மணல்மேட்டைத் தாண்டுகிறவரை லைன் கிடைக்கவில்லை.

“ஆமாம்மா, வேணாம்னு எழுதிக் குடுத்தது உண்மைதான்,” என்றார் அவர். “அவன்கூட உள்ள இருந்து வெளிய வந்த ஒரு ஆளைப் பார்த்தேன். கோட்டு போட்டவங்க வந்தாங்களாம். இவன் கம்பெனி ஆளும் கூட நின்னானாம். இவன் சிரிச்சிக்கிட்டே பேசினானாம். பார்த்தவனுக்கே பேஜாராப் போச்சு, இன்னாடா இவன் சிரிக்கறானேன்னு.”

“அண்ணா, நீங்க போய்ச் சொல்ல முடியாதா? அவங்க ஆடிட்காரங்க இல்லன்னு ஒரு வார்த்தை?”

“புதன்கிழமை உள்ள விடறாங்களான்னு பார்க்கறேன். நான் சொந்தக்காரன் இல்லையேம்மா. போன தடவை வாசல்லயே திருப்பிட்டாங்க.”

புதன் போனால் வியாழன்.

சத்துவாச்சாரியில் இறங்கி ஓடினாள். கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஏசுராஜ் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து டீ கூடக் குடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கிருபா பொட்டலத்தை நீட்டினாள்.

அவர் முகர்ந்து பார்த்தார். “இன்னிக்கு ஆடிட்டா?”

“சாப்பிடுங்க மாமா.”

பசி பொறுக்காமல் வேகமாகவே சாப்பிட்டார். கிருபா அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அந்த அறையையும், அந்தக் கேள்வியையும், தன் வாயில் வந்த பதிலையும் சொன்னாள். நெல்வின் அங்கே என்ன நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பான் என்பதையும் சொன்னாள்.

பாதியிலேயே அவர் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது.

“அப்போ அவனுக்கு,” என்றார் மெதுவாக, “தான் இன்னா பண்ணிட்டோம்னே தெரியாது.”

“தெரியாது மாமா.”

அவர் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார். ஒரு நாய் வந்து பார்த்துக்கொண்டே நின்றது. அவர் விரட்டவும் இல்லை, போடவும் இல்லை.

சுந்தரமூர்த்தி சார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த ஆபீசில் அது பெரிய விஷயம். வந்திருந்த பதிலைப் பொறுமையாகத் தமிழில் சொன்னார். நெல்வின் கொடுத்த வாக்குமூலம் அதில் இருந்தது.

“‘ஒரு குறையும் இல்லை. வெளியாட்கள் உதவி வேண்டாம். எங்கள் கம்பெனியே எங்களைப் பார்த்துக்கொள்கிறது.’ இப்படி எழுதியிருக்கும்மா. கீழ கையெழுத்து.”

கிருபா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

“சார், அது அவர் பேச்சே இல்ல சார். எங்க கம்பெனியில சொல்லிக் குடுத்தது.” எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல, வெளியாளுக்கு இது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

சுந்தரமூர்த்தி சிரிக்கவில்லை. “எங்களுக்கும் மேலிடத்து இன்ஸ்பெக்‌ஷன் வரும்மா,” என்றார். “எல்லாம் சரியா இருக்கு சார்னுதான் நானும் சொல்வேன்.” கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “வெளிநாட்டுல ஒருத்தரைப் புடிச்சா, உங்க நாட்டு ஆளுங்களுக்குச் சொல்லவான்னு கேட்கணும். அது அவர் உரிமை. அவர் கேட்டா நம்ம ஆளுங்க போயிப் பார்க்கலாம். வக்கீலும் வெச்சுக் குடுக்கலாம், அதுக்கு நிதி இருக்கு. ஆனா அவர் வேணாம்னு சொல்லிட்டா…”

“நான் அவர் சம்சாரம் சார். நான் சொல்றேன், வேணும்னு.”

“இவர் அவரைப் பெத்தவரு. இவர் சொன்னாலும் செல்லாதும்மா. எழுதிக் குடுத்தவர்தான் மாத்தி எழுதணும். அவர் வாயால வேணும்னு சொல்லணும்.”

ஏசுராஜ் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தார். “அவன்கிட்ட யாரு சார் போய் சொல்றது?”

சார் மேஜையிலிருந்த வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“நீங்க சொன்னதை அப்படியே எழுதி இன்னிக்கே அனுப்பறேன். இன்னொரு தடவை போய்ப் பாருங்கன்னு கேட்கறேன்,” என்றார் சுந்தரமூர்த்தி. “உள்ள விடறதும் விடாததும் அந்த நாட்டுக்காரங்க கையில. வியாழக்கிழமைக்குள்ள நடக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். குடுத்தா அது பொய்.”

பொய் சொல்லாத மனுஷன் என்பதே அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி.

* * *

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் பேரணாம்பட்டு பஸ்ஸுக்கு நின்றபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. லுங்கிக் கட்டுகளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிருபாவின் போன் அதிர்ந்தது. முன்னால் கூட்டல் குறி போட்ட புது நம்பர்.

“கிருபா.”

அவன்தான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஏசுராஜ் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்து ஒட்டி நின்றார்.

“நெல்வின்! எப்படி இருக்கறே?”

“நல்லா இருக்கறேன். சோறு போடறாங்க. ஒரு குறையும் இல்ல. அப்பாவைக் கவலைப்பட வேணாம்னு சொல்லு.”

“நெல்வின், நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு வந்தாங்களே, அவங்க ஆடிட்காரங்க இல்ல. நம்ம கவர்மெண்டைக் கூப்பிடவான்னு உன்னைக் கேட்க வந்தவங்க. வேணும்னு சொல்லு. எங்க எம்பசியைப் பார்க்கணும்னு சொல்லு. கேட்குதா?”

அந்தப் பக்கம் யாரோ வேறு பாஷையில் ஏதோ சொன்னார்கள். நெல்வின் சிரித்தான். அந்த வெட்கச் சிரிப்பு.

“இங்கயும் ஒரு கோபி சார் இருக்கறாரு கிருபா.”

“பக்கத்துல நிக்கறாரா?”

“ஆமா. நல்லா பார்த்துக்கறாரு. அவர் போனுதான் இது.”

“நிக்கட்டும். நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லு. வேணும்னு சொல்லு. இங்க நான், உங்க அப்பா, ஆபீசருங்க எல்லாம் உன் ஒரு வார்த்தைக்குத்தான் நிக்கறோம்.”

“அதெல்லாம் வேணாம் கிருபா. நான் அன்னிக்கே நல்லா சொல்லிட்டேன்ல? முதலாளிக்கு ரொம்ப சந்தோஷமாம். வியாழக்கிழமை கோர்ட்டுல இன்னொரு கையெழுத்து இருக்குதாம். அதைப் போட்டுட்டா டிக்கெட்டு எடுத்து அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு.”

“போடாத!” அவள் கத்தினதில் லுங்கி ஏற்றுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நெல்வின், எதுலயும் கையெழுத்துப் போடாத. ஒரு கெழவர் செத்துருக்கறாரு. அதை உன் தலையில எழுதி வாங்கறாங்க. போடாத நெல்வின், நெல்வின்…”

போன் செத்திருந்தது. எந்த வார்த்தையில் செத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்ப அடித்தாள். ஒரு பெண் குரல் ஏதோ பாஷையில் மரியாதையாக என்னவோ சொல்லியது. மறுபடி அடித்தாள். அதே குரல்.

பேரணாம்பட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவிக்கொண்டே படியைத் தட்டினார். கூட்டம் இவர்களை இடித்துக்கொண்டு ஏறியது.

ஏசுராஜ் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார், சின்னப் பிள்ளை பிடிக்கிற மாதிரி. “இன்னா சொன்னான்மா? இன்னா சொன்னான் எம்புள்ள?”

கிருபா அவரைப் பார்த்தாள். காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேர்த்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கதறி அழத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் தலை தானாகச் சாய்ந்தது.

“நல்லா இருக்கறானாம் மாமா,” என்றாள். “ஒரு குறையும் இல்லையாம்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஏசுராஜ் தலைப்பை விட்டார். பஸ் போகிறதைப் பார்க்காமல், அப்படியே பஸ் ஸ்டாண்டுத் தரையில் உட்கார்ந்தார்.